நாங்கூழும் நமலைகாஸ்டிஸும்

கிரகண நேரத்தில் ஞாஞ்ஞூலும் தலை தூக்கும் என்று மலையாளத்தில் ஒரு பழமொழி உண்டு. வேளை வாய்த்தால் நெளிகிறவனும் நிமிர்ந்துவிடுவான் என்று குத்திக்காட்டும் பேச்சு. ஆரியங்கோடு, பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லையோர ஊர்களில் இதைப் புரிந்துகொள்ள மலையாளியாகப் பிறந்திருக்க வேண்டியதில்லை. வீட்டில் ஒரு மொழி, கடையில் ஒரு மொழி என்று வாழ்கிறவர்கள் அங்கே உண்டு. ஞாஞ்ஞூல் என்றால் மண்புழு. அச்சு அசல் மலையாளமாக ஒலிக்கும் அந்தச் சொல் தமிழுக்கும் சொந்தம் என்றால் அவர்களில் பலரே நம்பத் தயங்குவார்கள்.

தமிழில் அதன் உடன்பிறப்பு நாங்கூழ். மாணிக்கவாசகர் திருவாசகத்தில், புலன்களிடம் சிக்கிய தன்னை எறும்புகளுக்கு நடுவே அகப்பட்ட நாங்கூழாகக் காண்கிறார். இரண்டு சொல்லையும் பக்கத்தில் வைத்தால் வழி தெரியும். தமிழில் நகரமாகிவிட்ட பழைய ஞகரத்தை மலையாளம் பல இடங்களில் காப்பாற்றி வைத்திருக்கிறது. நாம் நண்டு என்பதை அவர்கள் ஞண்டு என்கிறார்கள், நான் என்பதை ஞான் என்கிறார்கள். அடுத்து, நம்முடைய ‘ங்க’ அவர்கள் வாயில் ‘ங்ங’ ஆகும்: மாங்காய் மாங்ங, தேங்காய் தேங்ங. அப்படி ஞாங்கூழ் ஞாங்ஙூழாகி, முன்னால் நிற்கும் ஞகரத்தின் இழுப்பில் ஞாஞ்ஞூழாகி, கடைசி ழகரம் லகரமாகி நின்றதுதான் ஞாஞ்ஞூல். நாங்கூழை நாக்கு என்றும் கூழ் என்றும் உடைத்துக் கதை சொல்வதில் பயனில்லை. ஆனால் அந்த உடைப்பை மக்கள் ஏற்கெனவே செய்துவிட்டார்கள் என்று நினைக்கிறேன். தமிழ்நாட்டில் வயிற்றுப் புழுவுக்கு வழங்கும் நாக்குப்பூச்சிக்கும் நாக்குக்கும் ஒரு தொடர்பும் இல்லை. நாங்கூழை மறந்த வாய் தனக்குத் தெரிந்த நாக்கை எடுத்து அங்கே ஒட்டிக்கொண்டது என்பது என் கணிப்பு.

நாங்கூழை மறந்தோமே தவிர, புழுவுக்கு நம்மிடம் பெயர்ப் பஞ்சம் இருந்ததில்லை. சித்த வைத்தியத்தில் மண்புழு பூநாகம், அதாவது பூமிக்குள் வாழும் பாம்பு. வடமொழி நிகண்டான அமரகோசத்தில் அது கண்டூபதம், முடிச்சுக்கால் கொண்டது. மண்புழுவுக்கு ஏது கால் என்று கேட்கலாம். அந்தக் கேள்வியைக் கொஞ்சம் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், கடற்கரையில் தேவைப்படும். மலையாளத்தில் ஞாஞ்ஞூலைவிடப் புழக்கம் மிகுந்த பெயர் மண்ணிர. ‘இர’ நம் இரைதான். தூண்டில் முள்ளில் கோப்பதற்கென்று மண்ணிலிருந்து எடுப்பது மண்ணிர. புழுவின் உடம்பைப் பார்த்து வைத்த பெயரல்ல அது, அதைத் தின்ன வரும் மீனை நினைத்து வைத்த பெயர்.

புழு என்ற பொதுச் சொல்லோ திராவிட மொழிகள் பலவற்றிலும் ஊர்ந்திருக்கிறது. மலையாளத்தில் மாறாமல் புழு, கன்னடத்தில் ஹுளு, தெலுங்கில் புருகு. பிள்ளை இல்லாதவளிடம் ‘வயித்துல ஒரு புழு பூச்சி வெச்சுதா’ என்று கிழவிகள் கேட்கும் கேள்வியில், பிறக்காத குழந்தைக்கே அது பெயர். கிருமி என்பதும் முதலில் புழுதான். இராமாநுசரைத் துரத்தியவனாக வைணவ மரபு சொல்லும் கிருமிகண்ட சோழனின் கழுத்தில் இருந்தது இன்றைய பொருளில் நுண்ணுயிர் அல்ல, புழு. நுண்நோக்கி வந்த பிறகு நாம் கிருமியைக் கண்ணுக்குத் தெரியாததற்குக் கொடுத்துவிட்டு, கண்ணுக்குத் தெரிவதற்குப் புழுவை வைத்துக்கொண்டோம். நல்ல பாகப்பிரிவினை.

இனி ஆற்றோடு இறங்கலாம். அகத்தியமலையில் பிறக்கும் நெய்யாறு 56 கிலோமீட்டர் ஓடிப் பூவாறில் கடலைத் தொடுகிறது. தொடுகிறது என்பதுகூட முழு உண்மை அல்ல. கோடையில் கடல் மணலை வாரிக் குவித்து வாயை அடைத்துவிடும், மழை பெருத்தால் ஆறு அதை உடைத்துக்கொண்டு போகும். இப்படி அடைவதும் திறப்பதுமான வாய்க்கு அந்தக் கரையில் பொழி என்று பெயர். பக்கத்து ஊரே பொழியூர். அங்கிருந்து தெற்கே குமரி மாவட்டத்துக்குள் நுழைகிற கால்வாயின் பெயர் அனந்த விக்டோரியா மார்த்தாண்டம்: திருவனந்தபுரத்துச் சாமி, லண்டனில் இருந்த ராணி, திருவிதாங்கூர் ராஜா மூவரையும் ஒரே வாய்க்காலில் தள்ளிய பெயர். இன்று அது ஏ.வி.எம். கால்வாய். ஊர்க்காரர்களுக்கு அந்த மூன்று எழுத்தே போதும்.

பொழி அடைந்திருக்கும் மாதங்களில் உள்ளே தேங்கும் தண்ணீர் நல்ல தண்ணீரும் அல்ல, உப்புத் தண்ணீரும் அல்ல. தென்னையிலிருந்து விழுந்த மட்டையும் ஓலையும், ஊறப்போட்ட கதம்பையும் அழுகிக் கருத்த சேறு. முட்டை நாற்றம் வீசும். தென்கேரளக் காயல்கள் எல்லாவற்றிலும் இந்தச் சேறு உண்டு. அழுகும் இலைதழைக்கு அடியிலும், கண்டல் வேர்களுக்கு இடையிலும், ஓதம் ஏறி இறங்கும் மேல்விளிம்பிலும் ஒரு வகைப் புழு வாழ்கிறது. கையில் எடுத்துப் பார்க்கிறவர் அதையும் மண்புழு என்றே சொல்வார். நிறமும் நெளிவும் அப்படி. மெல்லிய தோலுக்குள் முதுகு நெடுக ஒரு சிவப்புக் குழாய் துடித்துக்கொண்டு ஓடுவதுகூட அப்படியே.

உருப்பெருக்கியின் கீழ் வைத்தால்தான் சங்கதி மாறும். மண்புழுவுக்கு முகம் இல்லை, இதற்கு உண்டு. முன்னால் இரண்டு குட்டை உணர்கொம்புகள், அவற்றுக்குப் பக்கத்தில் சதைப்பிடிப்பான இரண்டு தொடு உறுப்புகள், தலைக்கு மேல் நான்கு கரும்புள்ளிக் கண்கள், கழுத்தாக இருக்க வேண்டிய இடத்தில் இருபுறமும் மீசைபோல் நீளும் இழைகள். தொண்டையைப் பையைத் திருப்புவதுபோல் வெளியே தள்ளினால் அதன் நுனியில் ஒரு சோடித் தாடை. உடல் வளையம் ஒவ்வொன்றின் இரு பக்கமும் ஒரு சதை முடிச்சு புடைத்து நிற்கிறது. அதனுள் கருத்த ஊசி ஒன்று முட்டுக்கொடுத்திருக்க, அதிலிருந்து ஒரு கொத்து முள்மயிர் வெளியே விரிகிறது. அமரகோசக்காரர் மண்புழுவில் தேடிக் கிடைக்காத முடிச்சுக்கால் இதோ இங்கே. ஒவ்வொரு முள்மயிரும் காம்பு, அலகு என இரண்டு துண்டு, நடுவில் ஒரு மூட்டு. ஒரு முழு முள்மயிரையும் கைட்டினைக் கொண்டு வார்ப்பது ஒரே ஒரு செல். அந்தச் செல்லின் மேற்பரப்பில் உள்ள நுண்விரல்கள் எப்படி அசைகின்றனவோ அதுவே முள்மயிரின் வடிவம்.

இந்தக் கூட்டத்தில் ஒன்றுக்குத்தான் 2012-இல் புதுப் பெயர் வைத்தார்கள். தென்கேரளக் கரையில் எடுத்த புழுவை, மகேஷ், அட்டைகளை ஆராயும் செபாஸ்டியன் கிவிஸ்ட், ஆஸ்திரேலியாவின் கிறிஸ் கிளாஸ்பி மூவரும் ஜூகீஸ் ஆய்விதழில் விவரித்தார்கள். பெயர் நமலைகாஸ்டிஸ் ஜயா. ‘நம’ என்று தொடங்குவதைப் பார்த்து நமச்சிவாயத்தையோ ‘நம்ம’ ஊரையோ நினைக்க வேண்டாம். ஒவ்வொரு துண்டாகப் பார்ப்போம். துண்டு துண்டாக இருப்பதுதானே இந்தப் பிராணியின் குணமும்.

பெரிய வீட்டிலிருந்து தொடங்குகிறேன். 1758-இல் லின்னேயஸ் பூச்சி அல்லாத, எலும்பில்லாத அத்தனையையும் ‘வெர்மிஸ்’ என்ற ஒரே மூட்டையில் கட்டினார். புழு என்று பொருள். இத்தாலியில் சின்னஞ்சிறு புழுக்கள் என்று பெயர் பெற்ற வெர்மிசெல்லிதான் நம் கடைகளில் சேமியாவாக விற்கிறது, பாயசம் குடிப்பவர்கள் இதை மறந்துவிடலாம். அந்த மூட்டையைப் பிரிக்க வந்தவர் பாரிஸின் லமார்க். முதுகெலும்பற்றவை என்ற பெயரே அவர் தந்தது. இருப்பதைச் சொல்லாமல் இல்லாததைச் சொல்லிப் பெயரிடும் முறை. நமக்கு அது புதிதல்ல. அன்பில்லாததை அறம் சுடுவதற்கு உவமை சொல்லும் குறளில் வள்ளுவர் புழு என்ற சொல்லையே எடுக்காமல் என்பிலது என்கிறார். உடனே லமார்க்குக்கு வள்ளுவர் குரு என்று கிளம்பிவிட வேண்டாம். இரண்டு பேரும் ஒரே இடத்தில் தடுக்கினார்கள், அவ்வளவே: எலும்புள்ளவன் எலும்பில்லாததைப் பார்க்கும்போது முதலில் உறுத்துவது அந்த இன்மைதான்.

சிவப்பு ரத்தம் கொண்ட வளையப் புழுக்களைக் குவியே தனியே பிரித்திருந்தார். 1802-இல் லமார்க் அவற்றுக்கு அனலிட் என்று பெயர் வைத்தார். வளையம் என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. தமிழ்நாட்டுப் பாடநூல் இதை வளைதசைப் புழுக்கள் என்கிறது. வளை சரி, தசை எதற்கு வந்தது என்று பள்ளிக்கூடத்தில் யாராவது கேட்டிருப்பார்களா? வளையப்புழு என்றால் போதும். தசையைச் சேர்த்ததால் ஏதோ தசைநோய்ப் புழு மாதிரி ஒலிக்கிறது. மயிரைக் கவனித்தவர் ஜெர்மானியர் குரூபே. 1850-இல் அவர், மயிர் மிகுந்தவை பாலிகீட்டா, மயிர் குறைந்தவை ஒலிகோகீட்டா என்று வகுத்தார். கடற்புழுக்கள் முதல் கூட்டம், மண்புழு இரண்டாம் கூட்டம். கிரேக்கத்தில் ‘கைதே’ என்றால் நீண்ட முடி, குதிரைப் பிடரி மயிருக்கும் அதே சொல்.

இங்கே தமிழ் இரண்டாகப் பிரிந்தது. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் முள்மயிரைச் சீட்டா என்று எழுதி நிறுத்திக்கொண்டன. மண்புழுவின் உடலில் சீட்டாக்கள் உள்ளன என்று படிக்கும் மாணவனுக்கு ஓடுகிற சிறுத்தை கண்முன் வந்தால் அவனைக் குறை சொல்ல முடியாது. இலங்கைத் தமிழ் உயிரியல் நூல்கள் சிலிர்முள் என்றன. தொட்டால் உடம்பு சிலிர்க்கும் முள், சிலிர்த்து நிற்கும் முள் இரண்டையும் ஒரே சொல்லில் அடக்கிவிட்டார்கள். மொழிபெயர்ப்பு என்றே தெரியாத அளவுக்கு நல்ல சொல். நம் பக்கம் பேச்சில் இருந்து ஒன்றை எடுத்திருந்தால் சுணை கிடைத்திருக்கும். மூங்கில் வெட்டுகிறவர் கையில் ஏறுவது சுணை, கரும்புத் தோகையில் இருப்பது சுணை, இளம் வெண்டைக்காயைத் தடவினால் அரிப்பதும் சுணை. கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் தோலில் குத்தி நிற்கும் நுண்மயிர். வெட்கம், சொரணை என்ற பொருளும் அதற்கு உண்டு, சுணைகெட்டவன் என்று வைவோமே அதுவேதான். மன்னார் வளைகுடாப் பவளப் பாறைகளில் இருக்கும் நெருப்புப் புழுவைத் தொட்டவர்களுக்கு இந்தச் சொல்லின் பொருத்தம் சொல்லாமலே விளங்கும். அதன் கண்ணாடிபோன்ற முள்மயிர்கள் ஒடிந்து தோலுக்குள் தங்கி மணிக்கணக்கில் எரியும்.

குடும்பப் பெயருக்கு வந்தால் ஒரு பொறி காத்திருக்கிறது. நம் சேற்றுப் புழு நீரிஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. பாடநூலில் நீரிஸ் என்று பார்த்ததும் தமிழ் மனம் உடனே நீரைப் பிடித்துக்கொள்ளும். நீரில் வாழ்வது நீரிஸ், இதைவிட என்ன வேண்டும்? போதாக்குறைக்கு இன்றைய கிரேக்கத்தில் தண்ணீருக்கு நெரோ என்றே பெயர். தமிழிலிருந்து கிரேக்கத்துக்குப் போன சொல் என்று மேடையில் முழங்கக் கேட்டிருக்கிறேன். நெரோவின் பிறப்பு வேறு. பழைய கிரேக்கத்தில் தண்ணீர் ‘ஹுதோர்’. புதிதாக மொண்ட தண்ணீரை ‘நெயரோன் ஹுதோர்’ என்பார்கள். நெயரோன் என்றால் புத்தம்புதியது. தண்ணீர் உதிர்ந்து புதியது மட்டும் மிஞ்சி, சுருங்கி நெரோ ஆயிற்று. பச்சைத்தண்ணீர் கொடு என்பது நாளடைவில் பச்சை கொடு என்று குறைந்தால் எப்படி இருக்கும், அப்படி. நீரிஸோ அந்த வழியிலும் வரவில்லை. கிழக் கடல்தேவன் நெரெயுஸ், அவன் மகள்கள் நெரெயிதுகள். ஹெசியத் என்ற பழங்கவி அவர்களில் ஐம்பது பேருக்குப் பெயர் சொல்லியிருக்கிறார். லின்னேயஸ் 1758-இல் அந்த மகள்களில் ஒருத்தியாக இந்தப் புழுவைப் பதிந்தார். அதே நூலில் மயிரடர்ந்த இன்னொரு கடற்புழுவுக்கு அவர் வைத்த பெயர் அஃப்ரோதைத்தா, காதல் தெய்வம். எலி மாதிரி இருக்கும் பிராணி அது.

லின்னேயஸ் திறந்த கதவில் பின்னால் வந்தவர்கள் பெண்கள் பட்டாளத்தையே அழைத்து வந்தார்கள். யூனிசி, பாலினோயி, சமதி மூவரும் ஹெசியத் சொன்ன மகள்கள், மூவரும் இன்று புழுக்கள். இந்தப் பழக்கத்தில் முன்னணியில் நின்றவர் ழூல் செசார் சாவிஞி. நெப்போலியன் 1798-இல் எகிப்துக்குப் படையெடுத்தபோது கூட்டிச்சென்ற அறிஞர்களில் அவர் ஒருவர். செங்கடலில் வாரிய புழுக்களை வருடக்கணக்கில் லென்ஸில் பார்த்து வகைப்படுத்தினார். பிறகு கண் போயிற்று. வெளிச்சமே தாங்காத நோய். மிஞ்சிய ஆயுளை இருட்டில் கழித்து 1851-இல் இறந்தார். லைகாஸ்டிஸ் அவர் வைத்த பெயர்களில் ஒன்று.

லைகாஸ்டிஸுக்கு நேர்ந்தது எந்தக் கிராமத்திலும் நேரக்கூடியதுதான். அவர் ஒரு புழுவை நினைத்து வைத்த பெயரை, பின்னால் வந்தவர்கள் வேறு புழுக்களுக்குச் சூட்டிப் பழகிவிட்டார்கள். விலங்கியலில் பெயருக்குப் பத்திரம் உண்டு. முதலில் யாருக்கு வைத்ததோ அவருக்கே சொந்தம். 1959-இல் அமெரிக்காவின் ஓல்கா ஹார்ட்மன் நன்னீர், உவர்நீர் நீரிஸ் புழுக்களை மொத்தமாக எடுத்துச் சரிபார்த்தபோது, பழகிய பெயரை முழுக்கத் தூக்கி எறியாமல் அதன் முன்னால் ஒரு சொல்லைச் சேர்த்து நமலைகாஸ்டிஸ் என்றார். ‘நாமா’ கிரேக்கத்தில் ஓடுகிற தண்ணீர், ஊற்று. சேம்பர்லின் என்பவர் 1919-இலேயே நமனீரிஸ் என்று இந்த முன்னொட்டைப் பயன்படுத்தியிருந்தார். ஓடைக் கடல்மகள்! கடலை விட்டு ஆற்றுக்குள் ஏறிவந்த புழுவுக்கு இதைவிடச் சரியான முரண்பாடு அமையாது. கடல்தேவன் மகள் உப்பைப் பாதி விட்டுவிட்டுத் தென்னை மட்டைக்கு அடியில் குடியேறியிருக்கிறாள்.

இந்தப் புழுக்கள் நம் நாட்டு ஏடுகளில் ஏறிய கதையும் பெயர்களாகவே நிற்கிறது. சில்கா ஏரியை ஆராய நெல்சன் அனன்டேலும் ஸ்டான்லி கெம்ப்பும் எடுத்த பெருமுயற்சியில் கிடைத்த புழுக்கள் அயர்லாந்தின் ரோலண்ட் சதர்னிடம் போயின. அவர் 1921-இல் வெளியிட்ட பட்டியலில் வருவது லைகாஸ்டிஸ் இண்டிகா, இன்றைய நமலைகாஸ்டிஸ் இண்டிகா. அதே பட்டியலில் மார்ஃபிசா கிரேவ்லியை உண்டு. சென்னை அருங்காட்சியகத்தைக் கட்டிக்காத்த கிரேவ்லியின் பெயர் ஒரு சேற்றுப் புழுவில் தங்கிவிட்டது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஆர். கோபால ஐயர் மார்ஃபிசாவின் முட்டையும் வளர்ச்சியும் பற்றி 1931-இல் எழுதினார், 1935-இல் லைகாஸ்டிஸ் இண்டிகா ஒரே உடலில் ஆணும் பெண்ணுமாக இருப்பதைக் குறித்தார். கடல்மகள் என்ற பெயர் இனி பாதிதான் பொருந்தும். இதற்கிடையில் பிரெஞ்சுக்காரர் பியர் ஃபோவேல் 1930-இல் சென்னை அருங்காட்சியகத்துக்கும் 1932-இல் கல்கத்தா அருங்காட்சியகத்துக்கும் எழுதி, 1953-இல் இந்தியா முழுமைக்குமான தொகுப்பைக் கொண்டுவந்தார். பாலிகீட்டா படிக்கும் இந்திய மாணவர்கள் நெடுங்காலம் கையில் வைத்திருந்தது அந்தத் தடித்த நூலைத்தான்.

இப்போது ஜயா. இவளை மற்றவர்களிடமிருந்து பிரிக்கும் அடையாளம் என்ன என்று பார்த்தால் சிரிப்பு வருகிறது. நீரிஸ் வகைக் கால் இரண்டு அடுக்குக் கொண்டது. மேலடுக்கிலும் ஒரு கொத்து முள்மயிர், கீழடுக்கிலும் ஒரு கொத்து. நமலைகாஸ்டிஸில் மேலடுக்கு தேய்ந்து, உள்ளே ஊசி மட்டும் மிஞ்சிவிட்டது. பெரும்பாலானவற்றில் அங்கே சில மயிராவது ஒட்டிக்கொண்டிருக்கும். ஜயாவில் எந்தக் காலிலும் மேல்மயிர் ஒன்றுகூட இல்லை. பல்மயிர்ப் புழு என்று பெயர் பெற்ற குலத்தில், மயிர் இல்லாததே அடையாளமான பெண். மறுபடியும் இன்மை. இதே குறையுள்ள உறவினர் இருவர், ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையருகே உள்ள எலொபே தீவின் பெயர் தாங்கிய எலொபியென்சிஸ், ஹவாயின் பெயர் தாங்கிய ஹவாயியென்சிஸ். அவற்றிலிருந்து ஜயாவைப் பிரிக்க மூன்று குறிகள்: வழவழப்பான முதுகு, தலைக்குப் பின்னால் நான்கு சோடி இழைகள், வால்நுனி விளிம்பில் பல வெட்டுகள்.

பெயரைப் பாருங்கள். உறவினர் இருவருக்கும் தீவுகள், இந்தியாவின் மூத்தவளுக்கு ஒரு நாடு, மார்ஃபிசாவுக்கு ஒரு துரை. இவளுக்கு மட்டும் வீட்டுப் பெயர். வடமொழியில் வெற்றி, பெண்பால் ஈறு. ஊர் வாயில் ஜெயா. வகுப்பில் வருகைப் பதிவு எடுத்தால் தென்திருவிதாங்கூரின் எந்தப் பள்ளியிலும் ஒரு காலத்தில் இரண்டு கை உயர்ந்திருக்கும். நெய்யாற்றின்கரைச் சந்தைக்காரர்களுக்கு அந்தப் பெயர் முதலில் நினைவூட்டுவது சோற்றைத்தான். 1968-இல் வெளியான ஜயா நெல், ஆந்திராவிலிருந்து மூட்டை மூட்டையாக வந்து தென்கேரளத்தின் பானைகளை நிரப்பும் ஜயா அரி. கிரேக்க ஓடையும், பிரெஞ்சு அறிஞரின் லைகாஸ்டிஸும் முடிகிற இடத்தில் நம் பக்கத்து வீட்டுப் பெயர் உட்கார்ந்திருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. லத்தீன் இலக்கணத்துக்கும் இதில் புகார் இல்லை.

ஆனால் காயற்கரையில் யாரும் ஜயா என்று கூப்பிடப்போவதில்லை. புழுவைத் தின்னும் ஊர்களில் அதற்கென்று தனிப்பெயர் இருக்கும். லொம்போக் தீவின் சசாக் மக்கள் ஆண்டுக்கொரு முறை கடலில் பெருகிவரும் புழுவை நியாலே என்று அள்ளித் தின்று விழா எடுக்கிறார்கள், கடலில் குதித்த இளவரசி மண்டாலிக்காவின் கூந்தல் அது என்று கதையும் வைத்திருக்கிறார்கள். வியட்நாமியர் கழிநிலங்களில் எழும் புழுவை ருவோய் என்று அழைத்து முட்டையோடு அடை சுடுகிறார்கள். போர்னியோவில் நிப்பா பனைச் சேற்றில் வாழும் மிக நீண்ட நமலைகாஸ்டிஸ் ஒன்றுக்கு நிப்பா புழு என்று ஊர்ப்பெயர் இருக்கிறது. கிளாஸ்பியும் கூட்டாளிகளும் 2007-இல் அதற்கு ரோடோகோர்டே, சிவந்த கயிறு, என்று கிரேக்கப் பெயர் வைத்தார்கள். நாம் தின்பதில்லை. நாம் தின்னும் மீன் தின்கிறது. எனவே நம்மிடம் கடலோரத்துப் புழுவும் தோட்டத்துப் புழுவும் ஒன்றுபோல மண்புழு, மண்ணிர, இரை. படித்தவர்கள் நெடுநாளாக இதை அறியாமை என்றே எண்ணிவந்தார்கள். பாலிகீட்டா வேறு, ஒலிகோகீட்டா வேறு என்று கரும்பலகையில் கோடு போட்டுச் சொல்லிக்கொடுத்தார்கள்.

அந்தக் கோடு இப்போது அழிந்துவிட்டது. 1997-இல் தாம்நட் மக்ஹியூ, வேறு குலம் என்று நினைத்திருந்த சில கடற்புழுக்கள் வளையப்புழுக்களுக்குள்ளேயே கிளைத்தவை என்று மரபணு கொண்டு காட்டினார். 2011-இல் டார்ஸ்டன் ஸ்ட்ரக்கும் குழுவும் நேச்சர் இதழில் மொத்தக் குடும்ப மரத்தையும் வரைந்தபோது, மண்புழுவும் அட்டையும் பாலிகீட்டாக்களின் நடுவில் போய் உட்கார்ந்தன. 19-ஆம் நூற்றாண்டிலேயே வழங்கிவந்த பழைய பிரிவுப் பெயர்கள் இரண்டைத் தூசு தட்டி எடுத்தார்கள்: அலைந்து திரிபவை ஒரு பக்கம், குழிக்குள்ளும் குழாய்க்குள்ளும் இருப்பவை மறுபக்கம். ஜயாவும் நீரிஸும் முதல் பக்கம். மணலில் குழி பறித்துக் கிடக்கும் கடற்புழுவும் தோட்டத்து மண்புழுவும் அடுத்த பக்கம். அதாவது அந்தக் கடற்புழுவுக்கு நீரிஸைவிட மண்புழு நெருங்கிய சொந்தம். மயிர் மிகுந்தவை என்பது ஒரு குலத்தின் பெயரே அல்ல, மண்புழுவையும் அட்டையையும் வெளியே தள்ளிவிட்டு மிச்சத்துக்கு வைத்த பெயர். இரண்டையும் ஒரே சொல்லால் அழைத்த தூண்டில்காரர் மரபணு பார்த்துச் சொல்லவில்லைதான். ஆனாலும் குரூபேயின் கோட்டைவிட அவருடைய சோம்பல் கொஞ்சம் கிட்டே வந்திருக்கிறது.

விலங்கியல் இப்படிக் கைவிடத் தொடங்கிய பெயருக்குக் கடற்கரையில் புதுவாழ்வு வந்திருக்கிறது. மரக்காணம் போன்ற இடங்களில் உள்ள இறால் குஞ்சு பொரிப்பகங்களில், தாய் இறால்கள் முட்டைக்குப் பக்குவமாவதற்குக் கடற்புழு தீனியாகப் போடுகிறார்கள். அதில் உள்ள கொழுப்பு அமிலங்கள் சினைக்கு நல்லது. தேவை பெருகப் பெருக, எண்ணூர், பழவேற்காடு கழிமுகங்களின் சேற்றை வெட்டிப் புழு எடுக்கும் தொழில் கிளம்பியது. அனுமதியில்லாத தோண்டல், இறால் நோய் புழுவோடு தொற்றிவரும் பயம், சேறு குலைந்தால் மீன்வளம் போகும் என்ற மீனவர்களின் எதிர்ப்பு எல்லாம் கூடவே வந்தன. அந்தச் செய்திகளைப் போட்ட நாளிதழ்கள் மண்புழு என்று எழுதவில்லை, கடற்புழு என்றும் எழுதவில்லை. பிடித்தவரும் பிடிபட்டவரும் வாங்குகிறவரும் சொன்ன சொல்லையே எழுதினார்கள்: பாலிகீட் புழு. கடைசியில் இருந்த ‘ஆ’ உதிர்ந்துவிட்டது, நம் புழு பின்னால் ஒட்டிக்கொண்டது, விலை கிலோ கணக்கு.